ராஜா கட்டிலுக்கு ஒரு அறை முன்னால

பன்னெண்டு குடித்தனம், ஒரே குழாய், ரெண்டு கக்கூஸ், நாப்பத்தோரு பேரோட தூக்கம், இம்புட்டையும் ஒரு கோட்டைக்குள்ள நடந்துக்கிட்டிருந்த நாலு பேர் கையில எங்க லைன் வீடு ஒப்படைச்சிருந்த காலம் ஒன்னு இருந்துச்சு. அந்த நாலு பேர்ல ஒருத்தி நானு. அதனால இதை நான் சொல்றதுதான் மொறை, மத்தவுக சொன்னா அவுக அவுக தப்பை விட்டுட்டுத்தான் சொல்வாக, நான் என் தப்பையும் சேத்துச் சொல்றேன், கேட்டுட்டுத் திட்டுறதுன்னா திட்டுங்க.

எம்பேரு விருமாயி, ஊரு உசிலம்பட்டிப் பக்கம், திருப்பூருக்கு வந்து பதினோரு வருசமா பனியன் கம்பெனியில ஓவர்லாக் தையல் மிஷின்ல உக்காந்திருக்கேன். என்னோட ஒரே ரூம்ல இருந்தது பேச்சியம்மா, எங்க ஊருக்காரப் பிள்ளை, இருபத்திரண்டு வயசு, டீசர்ட்டுக்குக் கழுத்துப் பட்டி வைக்கிறதுல அவளை அடிச்சுக்க ஆளில்ல. அவளுக்குச் சின்னதுலருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையை விடக்கூடாது, தூக்கத்தைக் கெடுக்கக்கூடாது, தூக்கம் கெட்டா வந்துரும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. விசயம் வெளிய தெரிஞ்சா மிஷின்ல உக்கார விடமாட்டாகன்னு எங்கிட்ட அவ சத்தியம் வாங்கியிருந்தா. அவளைக் கூட்டியாந்த அன்னைக்கு அவுங்காத்தா பஸ்ஸு ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு, "நேரத்துக்குச் சோறு போடாட்டிக்கூடப் பரவால்ல தாயி, நேரத்துக்குத் தூங்க வச்சுரு"ன்னு சொன்னது இன்னும் என் காதுலயே கிடக்கு.

ஆறாம் நம்பர் வீட்டு லாரன்ஸ் அண்ணன் கட்டிங் மாஸ்டரா இருந்தவரு. வெட்டுற மிஷின்ல வலது கையில ரெண்டு விரல் போனதுக்கப்புறம் சம்சாரத்தை வேலைக்கு அனுப்பிட்டு வீட்டுல இருந்து சோறாக்குறாரு. வாலிப வயசுல அவரு ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல வேலையில இருந்தாராம், காலேஜ் பசங்க அங்க வந்து ஒரு விளையாட்டு விளையாடுவாங்களாம், நாலஞ்சு பேரு ஒரு கூட்டமாச் சேந்து குகைக்குள்ள போய் பூதத்தோட சண்டை போடுறது. அதைக் கம்ப்யூட்டர் இல்லாம எங்களுக்குப் பண்ணிக் குடுத்தாரு. துணி வெட்டுற அட்டையோட பின்பக்கத்துல சாக்பீசால ஒரு கோட்டை வரைஞ்சாரு, லூடோ டப்பாவுல இருந்து ரெண்டு பகடை எடுத்தாரு, முற்றத்துல குழாய்க்குப் பக்கத்துல பாயை விரிச்சாரு, அம்புட்டுத்தான்.

கோட்டைக்குள்ள போறது நாலு பேரு. வாள் எனக்கு. மருந்துப் பை அயர்ன் மாஸ்டர் சிதம்பரத்துக்கு, அவருக்கு அம்பது வயசு, யாரையும் அதட்டத் தெரியாத மனுசன். வில்லு செக்கிங்ல இருக்குற ஸ்டெல்லாவுக்கு, அவ வாயே ஒரு வில்லுதான். விளக்கு பேச்சிக்கு. ஆளுக்குப் பத்து பட்டன், சட்டைப் பட்டன்தான், முன்னால அடுக்கி வச்சுக்கணும், அடிபட்டா ஒன்னை லாரன்ஸ் அண்ணன் எடுத்துக்குவாரு, பத்தும் போனா ஆளும் போச்சு, விளக்குக்காரி போனா இருட்டுல எல்லாருமே போச்சு. ஒவ்வொரு அறை முடிஞ்சதும் அவரு தொண்டையைச் செருமிக்கிட்டு, "தங்கறீங்களா, நடக்கறீங்களா?"ன்னு கேப்பாரு. தங்கினா எட்டு மணி நேரம் தூக்கம், போன பட்டனெல்லாம் திரும்பி வந்துரும். ஆனா நாம தூங்குற நேரத்துல கோட்டை சும்மா இருக்காது, கடைசியில ஒரு அறையைச் சேத்துக் கட்டிக்கும். எல்லா அறைக்கும் அந்தாண்ட ராஜா கட்டில்னு ஒன்னு கிடக்கு, அதுல ஒரு தடவை படுத்து எந்திரிச்சவங்களுக்கு ஆயுசுக்கும் அலுப்புங்கறதே கிடையாது.

இன்னொரு சட்டமும் சொன்னாரு, அதைத்தான் நாங்க காதுல வாங்கல. தங்கணும்னா நாலு பேரும் ஒத்துக்கணும்னு இல்ல, ஒருத்தர் "நான் உக்காந்துட்டேன்"னு சொன்னாப் போதும், விளக்கு ஒன்னுதான், விட்டுட்டுப் போக முடியாது, எல்லாரும் தங்கியே ஆகணும்.

ஆனா யாரு உக்காருவா? எங்க கம்பெனியில பீசு கைக்குக் கை வரும், எனக்கு முன்னால இருக்குறவ தள்ளிவிட்டதை நான் அடிச்சு எனக்குப் பின்னால இருக்குறவளுக்குத் தள்ளணும், நான் எந்திரிச்சா பின்னால இருக்குற அத்தனை பேரும் கையைக் கட்டிக்கிட்டு என் முதுகைப் பாப்பாக. சூப்பர்வைசர் திட்டுறதைக்கூடத் தாங்கிக்கலாம், அந்தப் பார்வையைத் தாங்க முடியாது. அதனால ஒன்னுக்கு முட்டினாக்கூட "இந்தப் பண்டலை முடிச்சுட்டு"ன்னு சொல்லியே பழகின நாலு ஜென்மங்க கோட்டைக்குள்ள போனா எப்பிடிப் போகும்? லாரன்ஸ் அண்ணன் கேப்பாரு, நாலு பேரும் ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாப்போம், எல்லாருக்கும் தங்கணும்னுதான் இருக்கும், கடைசியில நாந்தான் சொல்லுவேன், "இன்னும் ஒரு அறை."

ஆடி மாசத்து ஞாயித்துக்கிழமை ஒன்னுல அஞ்சாவது அறையை முடிச்சு, ஆளுக்கு மூனு நாலு பட்டனோட நின்னுக்கிட்டிருந்தோம். "தங்கறீங்களா, நடக்கறீங்களா?" "இன்னும் ஒரு அறை"ன்னு நான் சொல்லி வாய மூடல, குழாயில தண்ணி வந்துருச்சு. எட்டு நாளைக்கு ஒருக்கா வர்ற குடிதண்ணி, கோட்டையாவது பூதமாவது, குடத்தைத் தூக்கிட்டு ஓடிட்டோம். அந்த நாலு பேரும் ஆறாவது அறை வாசல்ல நின்னபடி நின்னுட்டாக.

அன்னைக்கு ராத்திரி லைன்ல ஒருத்தருக்கும் தூக்கம் வரல, திங்கக்கிழமையும் வரல, செவ்வாக்கிழமையும் வரல, தொட்டில்ல கிடந்த பிள்ளை முதக்கொண்டு கண்ணை விரிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. புதன்கிழமை குழாயடியில பல்லு விளக்கிக்கிட்டிருந்த ஸ்டெல்லாதான் சொன்னா, "நாம அங்க தூங்காம நிக்கோம்லா, அதான் இங்க யாரும் தூங்கல." அதை அப்பிடியெல்லாம் நடக்காதுன்னு ஒருத்தர் சொல்லணுமே! மூனாம் வீட்டு மாரியக்கா மட்டும், "நீங்க நிக்கிறதுன்னா நின்னுக்கங்கடி, எங்களை எதுக்கு நிக்க வைக்கிறீக"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா.

அன்னைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குப் பாயை விரிச்சு, ஆறாவது அறையை முடிச்சு, தங்கினோம். தங்குறோம்னு வாயால சொன்ன நிமிசத்துல அவுக அவுக நின்ன எடத்துலயே தூங்கிப் போனாக. மாரியக்கா தோசைக்கல்லுப் பக்கத்துல, ஏழாம் வீட்டுக்காரரு பாதிச் சவரத்துல, போர்த்தண்ணி மோட்டாரு ஓடிக்கிட்டே இருந்துச்சு, தொட்டி நிரம்பி முற்றமெல்லாம் தண்ணி, அதுலயே நாங்க நாலு பேரும் கெடந்தோம். முழிச்சப்ப தோசை கரியாயிருந்துச்சு, உடம்பு பூவாட்டம் இருந்துச்சு. அம்மாடி, அந்தத் தூக்கத்தை நெனச்சா இப்பவும் எனக்குக் கண்ணு கலங்கும்.

அதுக்கப்புறம் லைன் தன்னால ஒரு ஒழுங்குக்கு வந்துருச்சு. தங்குறதுக்கு முன்னாடி எவர்சில்வர் தட்டுல கரண்டியால மூனு தட்டு. முதத் தட்டுக்கு அடுப்பு, மோட்டாரு எல்லாத்தையும் நிப்பாட்டணும், ரெண்டாந் தட்டுக்குப் பிள்ளைகளைப் பிடிச்சுப் பாயில போடணும், மூனாந் தட்டுக்குப் படுத்துறணும். நாலாம் வீட்டுக்காரரு கம்பெனி வேன் ஓட்டுறவரு, அவரு வண்டியை நிப்பாட்டி மிஸ்டு கால் குடுக்காம நாங்க பாயை விரிக்கிறதில்ல. பத்தாம் வீட்டுல புதுசாக் கல்யாணம் ஆனதுக, அந்தப் பையன் வந்து தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "இன்னிக்கு ஒரு அரை மணி நேரம் தள்ளிப் போடுங்கண்ணே"ன்னு லாரன்ஸ் அண்ணன்கிட்டக் கேட்டுச்சு, லைனே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுச்சு.

சிரிச்சதெல்லாம் அந்த ஒரு வாரந்தான். எங்களை வேலைக்கு வச்சிருக்குற காண்ட்ராக்டர் வேலுச்சாமிக்கு விசயம் எட்டுச்சு. பைக்கை நிப்பாட்டிட்டு வந்து, ஆச்சரியப்படக்கூட இல்ல, நேராக் கணக்குக்கு வந்தாரு. "ஏனுங் அம்மிணி, நீங்க தங்காம இருந்தா ஒருத்தருக்கும் தூக்கம் வராதுங்களா? அப்புறமென்னுங், அர்ஜென்ட் ஷிப்மெண்ட் இருக்குது, உங்க லைன் பூராவும் ராவும் பகலும் வந்துருங்." அவரு கெட்டவருன்னு சொல்லமாட்டேன், கேட்டாரு, அம்புட்டுத்தான். தலையாட்டினது நாங்க. தூக்கம் வராதவன் சும்மா கெடந்து என்ன பண்றது, ரெண்டு பண்டல் சேத்து அடிச்சா ஆச்சுன்னு லைனே சொல்லுச்சு. தினம் தங்கினது ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஆச்சு, மூனு நாளைக்கு ஒருக்கா ஆச்சு. கோட்டைப் பக்கமும் அதுதான் ஞாயமாத் தெரிஞ்சுச்சு, தங்கத் தங்க அது அறையைக் கட்டிக்கிட்டே போகுது, தங்காம நடந்தாத்தானே கட்டிலை எட்ட முடியும்? நாங்க நாலு பேரும் அந்தக் கட்டில்ல படுத்தா பன்னெண்டு வீட்டுக்கும் ஆயுசுக்கும் அலுப்பு கிடையாதுன்னு எல்லாரும் முடிவே பண்ணிட்டாக. தட்டைத் தூக்கினா, "இன்னைக்கு எதுக்குடி, ஒரேயடியாக் கட்டில்ல படுத்துக்கலாம்"னு மாரியக்காவே வந்து கரண்டியைப் புடுங்கிட்டுப் போனா.

அந்த அலுப்பை எப்பிடிச் சொல்றது. சாகவும் விடாது, சாயவும் விடாது. காலுல அலுப்பு, கண்ணிமையில அலுப்பு, தலையைச் சீவுற சீப்புல அலுப்பு, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறதுக்கு அலுப்பு, திரும்பினா பதில் சொல்றதுக்கு அலுப்பு, சோத்தைப் பிசைஞ்சு வச்சுட்டு வாய்க்குக் கொண்டு போறதுக்குள்ள எதுக்குப் பிசைஞ்சோம்னு மறந்து போற அலுப்பு. பிள்ளைக அழுகையை விட்டுருச்சுக, அழறதுக்கும் தெம்பு வேணும்ல. சண்டை போடுறவுகளும் பாதியில விட்டுட்டுப் போயிருவாக. ஒரு நாளு சிதம்பரம் மாஸ்டர் சட்டையைத் தேய்க்கிறதுக்குப் பதிலா அவரு கையையே பெட்டிக்கடியில வச்சுட்டு, சுட்டது தெரியாம நின்னாரு. வேலுச்சாமி அன்னைக்கு வந்திருந்தவரு, "கட்டில் மட்டும் கெடச்சுருச்சுன்னா இந்தக் கஷ்டமெல்லாம் இல்லீங் மாஸ்டர், மிஷினை ஆப் பண்ணவே வேண்டியதில்லீங்"னு ஆறுதல் சொன்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு, ஆனா என்ன சுருக்குன்னுச்சுன்னு நெனச்சுப் பாக்கறதுக்குள்ள அடுத்த பண்டல் வந்துருச்சு.

பேச்சி ஒன்னுமே சொல்லமாட்டா. ஒரு மத்தியானம் ஊசி அவ விரலு நகத்துக்குள்ள எறங்கிருச்சு, கழுத்துப் பட்டி வைக்கிறதுல அவ கை தப்பி நான் பாத்ததே இல்ல. ரூமுக்குக் கூட்டிப் போய்க் கட்டுப் போட்டேன். "மாத்திரை போடுறியாடி?" "போடுறேங்க்கா." "ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?" "இல்லக்கா, ரெண்டு நாளா கண்ணு முன்னாடி ஒரு மினுமினுப்பு, அம்புட்டுத்தான்." வலிப்பு வர்றதுக்கு முன்னால அவளுக்கு மினுமினுப்பு வரும்னு எனக்குத் தெரியும். இருந்தும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கடி, கட்டிலை எட்டிருவோம், அப்புறம் ஒனக்கு ஒன்னுமே வராது"ன்னு சொன்னேன். சொன்ன வாயில மண்ணை அள்ளிப் போட.

அந்த ஞாயித்துக்கிழமை வந்துச்சு. அஞ்சு நாளா தங்கல. காலையில ஒம்பது மணிக்கு உக்காந்தவுக பன்னெண்டு மணி வெயிலுக்குள்ள அறை மேல அறையா முடிச்சு, அட்டையில கடைசியா மிச்சமிருந்த ஒரே ஒரு அறைக்கு முன்னால வந்து நின்னோம். அதைத் தாண்டினா கட்டில். லைனே முற்றத்துல கூடிருச்சு, வேலுச்சாமியும் பைக்குச் சாவியைச் சுத்திக்கிட்டு நின்னாரு, ஒருத்தரும் கண்ணைச் சிமிட்டல. லாரன்ஸ் அண்ணன் தொண்டையைச் செருமினாரு.

"தங்கறீங்களா, நடக்கறீங்களா?"

"நடக்குறோம்"னாரு சிதம்பரம் மாஸ்டர், அவருக்கு முன்னால நாலு பட்டன். "நடக்கோம்"னா ஸ்டெல்லா, அவளுக்கு மூனு. பேச்சி பட்டனை உள்ளங்கையால மூடி வச்சிருந்தா. "நடப்போம்க்கா"ன்னு எம்மொகத்தைப் பாத்துச் சொல்லிக்கிட்டே பகடையை எடுக்கக் கையைத் தூக்கினா. அடியில ஒத்தைப் பட்டன் கெடந்துச்சு. எத்தனை அறையா அவ அதை மூடி வச்சிருந்தாளோ. பகடை அவ விரலுல நிக்கல, பாயில விழுந்து உருண்டுச்சு, அவ எடது கன்னம் லேசா ஒரு பக்கமா இழுத்துச்சு, கண்ணு என்னையப் பாக்குது ஆனா பாக்கல. அவுங்காத்தா பஸ்ஸு ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா.

"இன்னும் ஒரு அறை"ங்கறது என் தொண்டை வரைக்கும் வந்துருச்சு, பதினோரு வருசப் பழக்கம், தன்னால வருது. அதை முழுங்கினேன். முழுங்கிட்டு, "நான் உக்காந்துட்டேன்"னு சொன்னேன்.

யாருக்கும் வெளங்கல. "ஏட்டி, எங்கன உக்காந்த?"ன்னா ஸ்டெல்லா. "கோட்டையில. கதவுக்கு முன்னால. வாளைக் கீழ வச்சுட்டு உக்காந்துட்டேன், நான் வரல." முற்றமே திரும்பிப் பாத்துச்சு, நாப்பது சோடிக் கண்ணு, நான் எந்தப் பார்வைக்குப் பயந்து பதினோரு வருசமா ஒன்னுக்குக்கூட எந்திரிக்காம இருந்தேனோ அதே பார்வை. "ஒரே ஒரு அறைடி பாவி"ன்னு மாரியக்கா கத்தினா. தூங்கினா கோட்டை இன்னொன்னைக் கட்டிக்கும், இத்தனை நாளு பட்டதெல்லாம் வீணுன்னு ஆளாளுக்குக் கத்தினாக. வேலுச்சாமி பக்கத்துல வந்து குனிஞ்சு, "ஏனுங் அம்மிணி, ஒரே அறைதானுங், முடிச்சுட்டு உக்காந்துக்கலாமுங்"னாரு.

"ஏனுங்கண்ணே, நீங்க நேத்து ராத்திரி தூங்குனீகளா?"

"தூங்குனனுங்."

"நல்லாத் தூங்குனீகளா?"

அவரு சாவியைச் சுத்துறதை நிப்பாட்டினாரு. நான் பேச்சியோட தலையைப் பிடிச்சு என் மடியில சாச்சுக்கிட்டேன். "இவளுக்கு வலிப்பு இருக்கு. தூங்காட்டி வந்துரும். எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் நடக்க வச்சேன். இதுக்கு மேல ஒரு எட்டு நடக்க மாட்டேன். மிஷின்ல உக்கார விடமாட்டீகன்னா விடாதீக." சத்தியத்தை மீறினேன், மீறினதுக்கு இன்னைக்கு வரைக்கும் வருத்தப்படல. அப்புறம் மாரியக்கா உள்ள போனா. தட்டோட வந்தா. முதத் தட்டு தட்டினா, அடுப்புக அணைஞ்சுச்சு, ரெண்டாந் தட்டு தட்டினா, பிள்ளைகளைத் தூக்கினாக, மூனாந் தட்டுக்கு அவளே அந்தத் தட்டைத் தலைக்கு வச்சுப் படுத்துட்டா. லாரன்ஸ் அண்ணன், "தங்கிட்டாங்க"ன்னாரு.

அதுக்கப்புறம் நடந்தது வேலுச்சாமி பின்னால சொன்னதுதான். பகல் வெளிச்சத்துல நாப்பத்தோரு பேரு தூங்க, நடுவுல அவரு ஒருத்தரு மட்டும் முழிச்சுக்கிட்டு நின்னாராம். யாரோ குழாயைச் சரியா மூடாம விட்டிருந்தாகளாம், போய் மூடினாராம். வெயிலு பேச்சி மொகத்துல விழுகுதுன்னு கொடியில கெடந்த சேலையை இழுத்து விட்டாராம். ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்து பாத்தாராம், கையை என்ன பண்றதுன்னு தெரியலயாம், எந்திரிச்சுப் போயிட்டாராம். பைக்கை ஸ்டார்ட் பண்ணாம தெருமுக்கு வரைக்கும் தள்ளிக்கிட்டே போனேனுங்கன்னு சொன்னாரு.

சாயங்காலம் எட்டு மணிக்கு முழிச்சோம். பேச்சிக்கு வலிப்பு வரல. லாரன்ஸ் அண்ணன் சாக்பீசை எடுத்து அட்டையில இன்னொரு அறையை வரைஞ்சாரு, அதை எல்லாரும் சுத்தி நின்னு பாத்தோம். ரெண்டு நாளு கழிச்சு வேலுச்சாமி வந்து, பேச்சியை மிஷினுக்கு வரச் சொல்லுங், ராத்திரி வேலை மட்டும் அந்தப் பிள்ளைக்கு வேண்டாமுங்கன்னாரு. லைன்ல யாருக்குமே வேண்டாம்னு ஸ்டெல்லா சொன்னா. கொஞ்ச நேரம் சாவியைச் சுத்தினாரு, சரிங்கன்னுட்டுப் போனாரு.

அவரு வர்றதுக்கு முன்னால, திங்கக்கிழமையே மறுபடி பாயை விரிச்சோம், விரிச்சுத்தானே ஆகணும், தங்குனாத்தானே தூக்கம். கோட்டையில ஒரே ஒரு அறை முடிஞ்சுச்சு, சின்ன அறை, சண்டையும் லேசு. பேச்சி கட்டுப் போட்ட விரலால பட்டனை ஒன்னொன்னா நகத்தி, எல்லாருக்கும் தெரியுற மாதிரி வரிசையா வச்சா. ஒம்பது இருந்துச்சு. லாரன்ஸ் அண்ணன் தொண்டையைச் செருமிட்டு வாயத் தொறக்கறதுக்குள்ள, "நான் உக்காந்துட்டேன்"னா.

"ஏட்டி, ஒம்பது இருக்கேட்டி"ன்னா ஸ்டெல்லா.

"இருக்கட்டுமே"ன்னா பேச்சி.

நாங்க மூனு பேரும் ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்தோம். கட்டிலு இன்னும் ஒரு அறைக்கு அந்தாண்டதான் கெடக்கு, இன்னைக்கும் அங்கதான் கெடக்கு, நாங்க ஒன்னை முடிக்க அது ஒன்னைக் கட்டிக்கும். நான் எந்திரிச்சுப் போய் மாரியக்காகிட்ட இருந்து தட்டை வாங்கியாந்தேன்.